ஜேம்ஸ் பொண்ட் படம் 25: எது மேல, எது கீழ, ஏன் எண்டு ஒரு நீளமான பதில்

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏ.எல். சோதினை முடிஞ்சு வீட்டில நிக்கிறாராம், ஜேம்ஸ் பொண்ட் படம் முழுக்க ஒருத்தர் பென்ட்ரைவில போட்டுக் குடுத்திருக்கிறாராம், 25 படத்தையும் பாக்கப் பொறுமை இல்லையாம், தரப்படுத்தித் தாங்கோ, எதில தொடங்கிறது எதை விடலாம் எண்டும் சொல்லுங்கோ எண்டு கேக்கிறார்.

தம்பி, கெதியாப் பதில் வேணுமெண்டா இதுதான்: முதலாமிடம் கசினோ றோயல், 2006இல வந்தது. ரெண்டாமிடம் ஒன் ஹேர் மஜெஸ்ரிஸ் சீக்ரட் சேர்விஸ், 1969. மூண்டாமிடம் ஃபுறம் ரஷ்யா வித் லவ், 1963. கடைசி இடம் டை அனதர் டே, 2002. இடையில இருக்கிற 21உம் எங்கெங்க நிக்குது, ஏன் அங்க நிக்குது எண்டதைத்தான் இனி எழுதப்போறன், கொஞ்சம் நீளும், ஆறுதலா வாசியுங்கோ.

நான் எண்ணுறது ஈயோன் கொம்பனி எடுத்த படங்களை மட்டும், 1962இல வந்த டொக்ரர் நோவில தொடங்கி 2021இல வந்த நோ ரைம் ரு டை வரைக்கும். 1967இல பகிடிப்படமா எடுத்த ஒரு கசினோ றோயல் இருக்கு, 1983இல, முதல் பொண்டா நடிச்ச ஷோன் கொனரி வேற ஆக்களோட சேந்து நடிச்ச நெவர் சே நெவர் அகெய்ன் இருக்கு, அது ரெண்டும் இந்தக் கணக்கில வராது. பென்ட்ரைவில கசினோ றோயல் எண்டு ரெண்டு கிடந்தா குழம்பாதேங்கோ, டானியல் கிரெய்க் நடிச்சதைப் போடுங்கோ.

கனபேர் பொண்ட் படத்தைத் தரம் பிரிக்கிறது கார் எப்பிடி, வில்லன் எப்பிடி, பாட்டு எப்பிடி, எவ்வளவு பெரிய வெடி வெடிச்சது எண்டெல்லாம் பாத்துத்தான். எனக்கு அது சரிவராது. வன்னியில வளந்த ஆக்களுக்கு வெடிச்சத்தத்தைப் படம் காட்டித்தான் தெரியோணும் எண்டில்லை. 2015இல வந்த ஸ்பெக்ரரில வில்லனின்ர தளம் மொறொக்கோ வனாந்தரத்தில வெடிச்சுச் சிதறுற காட்சி ஒண்டு இருக்கு, அதுக்கு 8,418 லீற்றர் மண்ணெண்ணெயும் 33 கிலோ வெடிமருந்தும் பாவிச்சவை, அதுவரைக்கும் சினிமாவில எடுத்த ஆகப்பெரிய வெடிப்பு எண்டு கின்னஸ் புத்தகத்தில போட்டவை. பொருளாதாரத் தடை நேரம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு ஊர் ஊரா அலைஞ்ச சனம் நாங்கள், பெற்றோலைக் கொஞ்சமா விட்டு ஜெனறேற்றரை ஸ்ராட் பண்ணிப்போட்டுப் பேந்து மண்ணெண்ணெயில ஓடவிட்டுத்தான் இஞ்ச படமே பாத்தது, அந்த ஆக்களுக்கு 8,418 லீற்றர் எண்டா என்னெண்டு சொல்லத் தேவையில்லை. அவ்வளவையும் எரிச்சும் அந்தக் காட்சி மனசில ஒட்டாது. ஏனெண்டா அதுக்குக் கொஞ்சத்துக்கு முதல்தான் பொண்டின்ர தலைக்குள்ள ட்ரில்லால ஓட்டை போட்டு, இனி உனக்கு ஆற்ற முகமும் ஞாபகம் இராது எண்டு வில்லன் வெருட்டுறார், அடுத்த நிமிசம் பொண்ட் எழும்பி ஒரு குறியும் தப்பாமச் சுட்டுக்கொண்டு வெளிய போறார். ஒண்டுமே நடக்காத ஆள் மாதிரி.

இதை நோ ரைம் ரு டையின்ர தொடக்கத்தோட வச்சுப் பாருங்கோ. இத்தாலியில மற்றேரா எண்ட ஊர், கல்லறைக்குப் பக்கத்தில ஒரு வெடி, ஸ்பெக்ரரோட பாத்தா சின்ன வெடிதான். பொண்ட் தூக்கி எறியப்படுறார், எழும்புறார், சத்தம் எல்லாம் அடைச்சுப்போய் காதுக்குள்ள ஊ எண்டு ஒரு இரைச்சல் மட்டும் நிக்குது, படமும் அந்த இரைச்சலையே எங்களுக்குக் கேக்கவிடுது, கால் நிலத்தில வடிவா ஊண்டாது. எங்கட பக்கத்து ஆக்கள் அந்த இடத்தில ஒருக்கா நிமிந்து இருப்பினம். காதுக்குள்ள அந்த இரைச்சல் கேட்ட சனம் இஞ்ச கனக்க. அதனால என்ர அளவுகோல் ஒண்டே ஒண்டுதான். அடிச்சா நோகோணும், ஒரு ஆள் செத்தா அந்த இழப்பு மிச்சப் படத்தில தெரியோணும், பொண்ட் எடுக்கிற முடிவுக்குப் பொண்டே விலை குடுக்கோணும். அது இருக்கிற படம் மேல, இல்லாதது கீழ. ஆர் நடிச்சது எண்டது எனக்குப் பிறகுதான்.

கசினோ றோயல் ஏன் முதலாமிடம் எண்டதுக்கு ஒரு காட்சியை மட்டும் வடிவாச் சொல்லுறன். ஹொட்டேல் படிக்கட்டில பொண்டை ரெண்டு பேர் கொல்ல வருவாங்கள், ஒருத்தன் கையில பெரிய கத்தி, சண்டை படியால உருண்டு உருண்டு கீழ வருது, பக்கத்தில வெஸ்பர் எண்ட பொம்பிளை, நிதித் திணைக்களத்தில வேலை செய்யிற ஆள், இதுக்கு முதல் ஒரு சாவையும் கிட்ட நிண்டு கண்டிராத ஆள். கடைசியில பொண்ட் அந்த ஆளின்ர கழுத்தை நெரிச்சுக் கொல்லுறார், கெதியா முடியாது, நேரம் எடுக்கும், எங்களுக்கே மூச்சு முட்டும். பழைய படமெண்டா இந்த இடத்தில ஒரு பகிடி சொல்லிப்போட்டு ரையைச் சரிபண்ணிக்கொண்டு போவார். இஞ்ச அறைக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால நிண்டு ரத்தத்தைக் கழுவுறார், விஸ்கியை ஒரே மடக்கா விழுங்குறார், தன்ர முகத்தையே பாக்கிறார், சேட்டை மாத்திக்கொண்டு திருப்பிச் சீட்டு மேசைக்குப் போறார். எதிரில இருக்கிற வில்லன் லு ஷிஃப், சேட் மாறினதைக் கவனிச்சு அதைச் சொல்லியும் காட்டுறார். பேந்து அறைக்கு வந்து பாத்தா வெஸ்பர் உடுப்போடையே ஷவருக்குக் கீழ குந்தி இருக்கிறா, கையில ரத்தம் போகேல்லை எண்டு சொல்லுறா. பொண்ட் ஒண்டும் கதைக்காமத் தானும் உடுப்போட தண்ணிக்குக் கீழ பக்கத்தில போய் இருக்கிறார். இதுவரைக்கும் வந்த பொண்ட் படம் எல்லாத்திலயும் இதைவிடத் திறமான காட்சி இல்லை எண்டுதான் நான் சொல்லுவன். கொலை செய்தவனுக்கும் அதைப் பாத்தவளுக்கும் அது என்ன செய்யுது எண்டதை ரெண்டு மூண்டு நிமிசத்தில காட்டிப்போட்டினம்.

மற்றதுகளும் கலாதி. மடகஸ்காரில கட்டிடத்துக்கு மேல ஓடுற துரத்தல், முன்னால ஓடுறது செபஸ்ரியன் ஃபுக்கான், அந்தமாதிரிப் பாய்ச்சலுக்குப் பேர்போன ஆள், அவர் சின்ன ஓட்டைக்குள்ளால பறவை மாதிரிப் போக, பொண்ட் சுவரையே இடிச்சுக்கொண்டு போவார், அந்த ஒரு இடத்திலயே ஆளின்ர குணம் விளங்கியிடும். அஸ்ரன் மார்ட்டின் கார் ஏழு தரம் உருளுறது உண்மையா உருட்டினது, அதுவும் கின்னஸில இருக்கு. சீட்டு விளையாட்டு கனநேரம் போகும், படத்துக்கு மூலமான நாவலில வேற விளையாட்டு, படத்தில போக்கர், எங்கட ஆக்களுக்கு போக்கர் தெரியாது எண்டு பயப்பிடாதேங்கோ, 304 விளையாடத் தெரிஞ்சா காணும், எதிரில இருக்கிறவன் கையில துரும்பு இருக்கோ பேய்க்காட்டுறானோ எண்டு முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கிற அதே சங்கதிதான். கிரெய்க்கைத் தெரிவு செய்யேக்க தலைமயிர் பொன்நிறம், ஆள் கட்டை எண்டு எவ்வளவு பேர் குழம்பினவை, படம் வந்த பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. முடிவை நான் சொல்லமாட்டன்.

ரெண்டாமிடம் கொஞ்சப் பேருக்கு ஆச்சரியமா இருக்கும். ஒன் ஹேர் மஜெஸ்ரிஸ் சீக்ரட் சேர்விஸில நடிச்ச ஜோர்ஜ் லேசன்பி நடிகரே இல்லை, அவுஸ்ரேலியாக்காரர், விளம்பர மொடலா இருந்தவர், ஒரே ஒரு படத்தோட போயிட்டார், அதனால கனகாலம் உந்தப் படத்தை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. உண்மையா அவர் சில இடத்தில மரம் மாதிரி நிப்பார்தான், நடிப்பில கொனரிக்குக் கிட்டவும் வரார். ஆனா டயனா ரிக் எண்ட நடிகை, ட்ரேசி எண்ட பாத்திரம், அவ ரெண்டு பேருக்கும் சேத்து நடிச்சிருக்கிறா. டைரக்ரர் பீற்றர் ஹண்ட், முதல் படங்களுக்கு எடிற்றரா இருந்த ஆள், முதல்முதலா டைரக்ற் பண்ணினது இதைத்தான், அதால சண்டையில வெட்டு ஒவ்வொண்டும் கன்னத்தில அறையிற மாதிரி விழும்.

இதில நீங்கள் பாக்கவேண்டிய இடம் சுவிஸில பனிமலை அடிவாரத்துக் கிராமம். பொண்ட் மலையில இருந்து தப்பி இறங்கி வாறார், கொண்டாட்டம் நடக்குது, சனம் நெரிசல், வில்லனின்ர ஆக்கள் கூட்டத்துக்குள்ள தேடிக்கொண்டு திரியினம். பனிக்கரடி வேசம் போட்ட ஒருத்தன் படம் எடுக்க ஃபிளாஷ் அடிக்க, பொண்ட் திடுக்கிட்டுப்போவார். உண்மையாப் பயப்பிடுறார். பேந்து பனிச்சறுக்கு மைதானத்துக்குப் பக்கத்தில கோட்டுக் கொலரை உயத்திக்கொண்டு தலையைக் குனிஞ்சு இருக்கிறார், களைச்சு, இனி ஏலாது எண்ட மாதிரி, அப்ப ரெண்டு கால் சறுக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால நிக்குது, நிமிந்து பாத்தா ட்ரேசி. கூட்டத்துக்குள்ள முகத்தை ஒளிச்சுக்கொண்டு இருக்கிறது, தெரிஞ்ச முகம் ஒண்டைக் காணேக்க வாற ஆறுதல், இதையெல்லாம் ஒரு பொண்ட் படம் இவ்வளவு நேர்மையாக் காட்டினது பெரிய விசயம். கடைசி ரெண்டு நிமிசத்தைப் பற்றி ஆரிட்டயும் கேக்காமப் போய்ப் பாருங்கோ. லூயி ஆம்ஸ்ட்ரோங் பாடின பாட்டும் இதிலதான்.

ஃபுறம் ரஷ்யா வித் லவ்வில உலகத்தை அழிக்கிற திட்டம் ஒண்டும் இல்லை, ரஷ்யாக்காரரின்ர ஒரு குறியீட்டு மெசினை இஸ்தான்புல்லில இருந்து வெளிய கொண்டுபோகோணும், அவ்வளவுதான் கதை. அதுதான் அதின்ர பலமும். ரொபேர்ட் ஷோ எண்ட நடிகர் கொலைகாரன் கிரான்ராப் படத்தில பாதிக்கு மேல ஒரு வார்த்தை கதைக்காமப் பொண்டுக்குப் பின்னாலயே திரிவார், றெயில்லதான் வாயைத் திறப்பார், அதுக்குள்ள எங்களுக்கு நெஞ்சு இறுகிப்போகும். சின்ன றெயில் பெட்டிக்குள்ள லைற் உடைஞ்ச நீல வெளிச்சத்தில ரெண்டு பேரும் அடிபடுற சண்டை, பின்னணி இசை இல்லை, றெயில் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும். 60 வருசத்துக்கு மேல ஆச்சு, இண்டைக்கு வாற படத்தில உதுக்குக் கிட்ட வாறதும் குறைவு. இஸ்தான்புல்லில பொண்டுக்கு உதவுற கெரிம் பே எண்ட பாத்திரத்தில நடிச்ச பெட்ரோ அர்மெண்டாரிஸ் எண்ட மெக்சிக்கோ நடிகர் படம் எடுக்கேக்கையே புற்றுநோயால செத்துக்கொண்டிருந்தவர், குடும்பத்துக்குக் காசு விட்டுட்டுப் போகோணும் எண்டு நோவோடையே நடிச்சு முடிச்சவர், படம் திரைக்கு வரமுதலே 1963 ஜூனில போயிட்டார். அது தெரிஞ்சு பாக்கேக்க அவர் சிரிக்கிற ஒவ்வொரு இடமும் வேற மாதிரி இருக்கும்.

நாலாமிடம் ஸ்கைஃபோல், 2012. பொண்ட் படம் தொடங்கி 50 வருசம் நிறைஞ்ச நேரம் வந்தது, நூறு கோடி டொலர் வசூலைத் தாண்டின முதல் பொண்ட் படம், அடேலின்ர பாட்டுத்தான் ஒஸ்கார் எடுத்த முதல் பொண்ட் பாட்டு. அதெல்லாத்தையும் விடுங்கோ. தொடக்கத்திலயே பொண்டுக்குத் தோளில குண்டுச் சிதறல் ஏறியிடும், அந்தக் காயத்தின்ர பாதிப்பு படம் முழுக்க இருக்கும், கை நடுங்கும், குறி தப்பும், சோதினையில ஃபெயில், ஃபெயில் விட்ட ஆளை எம் எண்டு கூப்பிடுற மேலதிகாரி பொய் சொல்லி வேலைக்கு அனுப்புறா. அந்தப் பொய்க்குப் படம் முழுக்க விலை குடுக்கினம். ரொஜர் டீக்கின்ஸின்ர கமரா, ஷங்காயில கண்ணாடிக் கட்டிடத்துக்குள்ள ரெண்டு கறுப்பு உருவம் அடிபடுற சண்டை, இதுக்காகவே பெரிய ரிவியில பாக்கோணும். குறை என்னெண்டா வில்லனின்ர திட்டம், எல்லாத்தையும் முன்கூட்டியே எப்பிடித் தெரிஞ்சு வச்சிருந்தவர் எண்டு யோசிச்சா ஓட்டை ஓட்டையா இருக்கும். ஹாவியர் பார்டெம் நடந்து வரேக்க அதையெல்லாம் யோசிக்க மாட்டியள்.

லைசென்ஸ் ரு கில், 1989, அஞ்சாமிடம். என்ர அண்ணர் இதை மூண்டாமிடத்துக்குக் கீழ விடமாட்டார், அவரோட நான் கனகாலமா வாக்குவாதப்படுறன். திமொதி டால்ரன் நடிச்சது. பொண்டின்ர கூட்டாளி ஃபீலிக்ஸைக் கலியாணம் முடிஞ்ச அண்டைக்கே பிடிச்சுக்கொண்டுபோய்ச் சுறாவுக்குப் போடுறாங்கள், பொம்பிளையையும் கொல்லுறாங்கள், மேலிடம் விடு எண்டு சொல்லுது, பொண்ட் விடமாட்டன் எண்டு வேலையைத் தூக்கி எறிஞ்சிட்டுப் பழிக்குப் பழி வாங்கப் போறார். சாஞ்செஸ் எண்ட போதைப்பொருள் முதலாளி தன்ர ஆக்களின்ர விசுவாசத்தில உயிரையே வச்சிருக்கிறவன், பொண்ட் அந்த நம்பிக்கையைத்தான் ஒவ்வொரு ஆளா அரிச்சு எடுக்கிறார், சுடாமலே அவன்ர ஆக்களை அவனைக் கொண்டே கொல்லவைக்கிறார். வந்த நேரம் சனத்துக்கு உது பிடிக்கேல்லை, ரத்தம் கூட எண்டவை. அதுக்குப் பிறகு கோட்டு வழக்கெண்டு ஆறு வருசம் படமே இல்லை, டால்ரனும் போயிட்டார். அவருக்கு இன்னும் ரெண்டு படம் கிடைச்சிருக்கோணும் எண்ட கவலை எனக்கு இப்பவும் இருக்கு. 17 வருசம் பிந்தி கிரெய்க் செய்ததை டால்ரன் அப்பவே செய்தவர், ஆக்கள் விளங்கிக்கொள்ளேல்லை.

ஆறாவது கோல்டன் ஐ, 1995, டைரக்ரர் மார்ட்டின் கம்பெல், கசினோ றோயலை எடுத்ததும் அவர்தான், ரெண்டு தரமும் விழுந்து கிடந்த தொடரைத் தூக்கி நிமித்தினவர். வில்லன் பொண்டின்ரயே பழைய கூட்டாளி 006, அவனுக்கு உண்மையான ஒரு கோவம் இருக்கு, ரெண்டாம் உலகப்போர் முடிய பிரிட்டிஷ்காரர் கொசாக் சனத்தை ஸ்ராலினிட்டக் கையளிச்ச கதை, அது வரலாற்றில நடந்தது. நம்பிச் சரணடைஞ்ச சனத்தைக் கையளிக்கிறது எண்டா என்னெண்டு எங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஏழாவது த லிவிங் டேலைற்ஸ், 1987, டால்ரனின்ர முதல் படம், பறக்கிற பிளேனுக்குப் பின்னால வலையில தொங்கிக்கொண்டு அடிபடுறது உண்மையா ஆக்கள் தொங்கி எடுத்தது. எட்டாவது கோல்ட்ஃபிங்கர், 1964. கனபேர் இதைத்தான் முதலாமிடத்தில வைப்பினம், டிபி5 காரும், ஷேர்லி பாஸியின்ர குரலும், லேசர் மேசையும் இதில இருந்து வந்ததுதான், அதெல்லாம் திறம், மறுக்கேல்லை. ஆனா பொண்ட் பாதிப் படம் சும்மா அறைக்குள்ள அடைபட்டு இருக்கிறார், வைக்கோல் பட்டறைக்குள்ள ஒரு பொம்பிளையின்ர விருப்பத்துக்கு மாறா அவர் நடக்கிற காட்சியைப் படம் விளையாட்டா எடுக்குது, அதை என்னால தாண்டிப்போக ஏலாது.

ஒன்பதாவது நோ ரைம் ரு டை. நீளம், 163 நிமிசம், வில்லனுக்கு என்ன வேணுமெண்டு வில்லனுக்கே தெரியேல்லை, இதால கீழ வந்திட்டுது. தொடக்கத்தைப் பற்றி மேல எழுதிட்டன். முடிவு சொல்லமாட்டன், ஒண்டு மட்டும்: ஏவுகணை கப்பலில இருந்து வெளிக்கிட்டுட்டுது, வந்து விழ எத்தினை நிமிசம் எண்டு தெரியும், அந்த நிமிசங்களில ஆக்கள் என்ன கதைக்கினம் எண்டதுதான் கடைசிப் பகுதி. ஷெல் குத்துற சத்தம் கேட்டு, வந்து விழுறவரைக்கும் பிள்ளையளை வயித்துக்குக் கீழ வச்சுக்கொண்டு எண்ணின அம்மாமார் இருக்கிற ஊர் உங்கட ஊர். அவையோட இருந்து பாக்கிறதெண்டா முதலே சொல்லிப்போட்டுப் போடுங்கோ.

பத்தாவது குவாண்டம் ஒஃப் சோலஸ், 2008. இதை எல்லாரும் திட்டுவினம், நான் திட்டமாட்டன். கதாசிரியர் வேலைநிறுத்தத்தில மாட்டுப்பட்டு அரைகுறையா எடுத்தது, சண்டைக் காட்சியை வெட்டி வெட்டி ஒண்டும் விளங்காமப் பண்ணிப்போட்டினம், 106 நிமிசத்தில முடிஞ்சிடும், அது எல்லாம் சரி. ஆனா வில்லன் களவெடுக்கிறது தண்ணி. பொலிவியாவில நிலத்துக்குக் கீழ தண்ணியை மறிச்சு வச்சுப்போட்டு, கிராமத்துக் குழாயில சொட்டுச் சொட்டா நிண்டுபோறதைச் சனம் சுத்தி நிண்டு பாக்கினம். இதென்ன சின்னத் திட்டம், உலகத்தை அழிக்கவே பாக்கேல்லையே எண்டு மேற்குநாட்டு விமர்சகர் சில பேர் எழுதினவை. 2000ஆம் ஆண்டு பொலிவியாவில கோச்சபம்பாவில தண்ணியைத் தனியாருக்குக் குடுத்ததுக்கு எதிராச் சனம் தெருவுக்கு இறங்கினது உண்மைக் கதை. இரணைமடுத் தண்ணி யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கவோ கிளிநொச்சி வயலுக்கோ எண்டு எவ்வளவு கூட்டம், எவ்வளவு எதிர்ப்பு நடந்தது எண்டு பாத்த எங்களுக்கு, குளத்தில தண்ணி வத்தேக்க ஒரு விவசாயியின்ர முகம் எப்பிடி இருக்கும் எண்டு தெரிஞ்ச எங்களுக்கு, இது சின்னத் திட்டமாத் தெரியாது.

இனி ரொஜர் மூர் பொண்டா நடிச்ச படங்களுக்கு வாறன். பதினோராவது த ஸ்பை ஹூ லவ்ட் மீ, 1977, பனிமலை விளிம்பில இருந்து சறுக்கிக்கொண்டு பாய்ஞ்சு, சத்தமே இல்லாம விழுந்து விழுந்து, பேந்து பரசூட் விரியிற தொடக்கம், ரிக் சில்வெஸ்ரர் எண்ட ஆள் கனடாவில உண்மையாப் பாய்ஞ்சது. இதில ரஷ்ய உளவுப் பொம்பிளையின்ர காதலனைப் பொண்ட்தான் கொண்டவர் எண்டு அவவுக்குத் தெரியவரும், வேலை முடிய உன்னைக் கொல்லுவன் எண்டுவா, கேக்கேக்க நெஞ்சு பதறும், கடைசியில அதைப் படமே மறந்திடும். அதாலதான் முதல் பத்துக்குள்ள வரேல்லை. பன்னிரண்டாவது ஃபோ யுவர் ஐஸ் ஒன்லி, 1981, மூரின்ர படங்களில ஆகப் பொறுப்பா எடுத்தது, கிரேக்க மலைமடத்துக்குக் கயிறில ஏறுற காட்சி உள்ளங்கை வேர்க்கும். பதின்மூண்டாவது டொக்ரர் நோ, முதல் படம் எண்ட மரியாதைக்காக இல்லை, கையில குண்டு முடிஞ்ச ஆளைப் பொண்ட் ஆறுதலா இருந்து சுடுற ஒரு காட்சிக்காக.

ஒக்ரொப்புஸியை எங்கட ஆக்கள் எல்லாரும் பாத்திருப்பினம், 1983, இந்தியாவில உதய்ப்பூரில எடுத்தது, விஜய் அமிர்தராஜ் நடிச்சது, ஓட்டோவில துரத்துற காட்சி இருக்கு. சின்னனில உதைப் பாக்கேக்க எங்கட ஓட்டோ பொண்ட் படத்தில வருது எண்டு துள்ளுவம். வளந்து பாத்தா பாம்பாட்டி, ஆணிப்படுக்கை, தீ மிதிக்கிறவன் எண்டு எங்கட பக்கத்து ஆக்களை எல்லாம் காட்சிப்பொருளா அடுக்கி வச்சிருக்கினம், பொண்ட் காசை வீசிப்போட்டுக் கறி வாங்கித் தின் எண்ட மாதிரி ஒண்டு சொல்லுவார், அது சரியான கோவம் வரும். அப்பிடி இருந்தும் பதினாலாமிடத்தில வைக்கிறன், ஏனெண்டா கடைசியில சேர்க்கஸ் கோமாளி வேசத்தோட பொண்ட் ஓடிவந்து இஞ்ச அணுகுண்டு இருக்கு எண்டு கத்துறார், சுத்தி இருக்கிற சனம் சிரிக்குது, நேரம் போய்க்கொண்டிருக்கு, ஒருத்தரும் நம்பேல்லை. மூரின்ர முகத்தில அந்த மையைத் தாண்டி உண்மையான பதட்டம் தெரியும்.

மிச்சத்தைக் கெதியாச் சொல்லுறன். 15 ருமோரோ நெவர் டைஸ், செய்தி விக்கிறதுக்காகச் சண்டையை மூட்டிவிடுற பத்திரிகை முதலாளி, 1997இல எடுத்தது எண்டு நம்பேலாது, மிஷேல் யோ கலக்கியிருப்பா. 16 தண்டர்போல், தண்ணிக்குள்ள சண்டை வடிவு, ஆனா முடியுதே இல்லை. 17 லிவ் அண்ட் லெற் டை, அதில முதலையளின்ர முதுகில மிதிச்சு ஓடுறது ரொஸ் கனங்கா எண்ட பண்ணைக்காரர், உண்மையான முதலையள், குளக்கரைச் சனத்துக்கு அது எவ்வளவு விசர்வேலை எண்டு விளங்கும், கறுப்பினத்தவரைக் காட்டின விதம்தான் மோசம். 18 யூ ஒன்லி லிவ் ருவைஸ், எரிமலைக்குள்ள கட்டின செற்றுக்காக மட்டும். 19 த வேர்ல்ட் இஸ் நொற் எனஃப், சோஃபி மார்ஸோ வாற இடங்களைப் பாத்திட்டு மிச்சத்தை ஓட்டிவிடலாம். 20 ஸ்பெக்ரர், மெக்சிக்கோவில வெட்டில்லாமப் போற மாதிரி எடுத்த தொடக்கம் முடிய நிப்பாட்டினாலும் குற்றமில்லை. 21 த மான் வித் த கோல்டன் கண், கார் ஒண்டு காத்தில ஒரு முழுச் சுத்துச் சுத்தி மற்றக் கரையில இறங்கும், கணினியில கணக்குப் பாத்து உண்மையாச் செய்தது, அதுக்கு மேல பொம்மை விசில் சத்தத்தைப் போட்டுக் கெடுத்திட்டினம். 22 டயமன்ட்ஸ் ஆர் ஃபொறெவர், லேசன்பி படத்தின்ர முடிவைப் பாத்திட்டு இதைப் போட்டா மனம் கசக்கும், நடந்த இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 23 ஏ வியூ ரு ஏ கில், மூருக்கு 57 வயசு, தூரத்துச் சண்டை எல்லாம் வேற ஆள் எண்டு பச்சையாத் தெரியும். 24 மூன்றேக்கர், ஸ்ரார் வோர்ஸ் ஓடின ஓட்டத்தைப் பாத்திட்டு ஆகாயத்துக்கு வெளிக்கிட்டவை.

கடைசியில டை அனதர் டே. மறையிற கார், கணினியில செய்த பொய் அலை, உதுகளுக்காக எல்லாரும் இதைக் கீழ வைப்பினம். எனக்குக் காரணம் வேற. தொடக்கத்தில வட கொரியா தென் கொரியா எல்லையில மிதிவெடி விதைச்ச வெளி, ஹோவர்கிராஃப்ற் அதுக்கு மேலால மிதந்து போகுது, வெடியள் வாணவேடிக்கை மாதிரி வெடிச்சுக்கொண்டு போகுது, பொண்டும் இன்னொரு ஹோவர்கிராஃப்றில அதுக்குள்ளால துரத்துறார். முகமாலையில சண்டை முடிஞ்சு வருசக்கணக்கா மிதிவெடி எடுத்த ஆக்களை நீங்கள் கண்டிருப்பியள், கனபேர் பொம்பிளையள், குடும்பத்தைத் தனியாப் பாக்கிற ஆக்கள், முகத்துக்குக் கவசம் போட்டுக்கொண்டு வெயிலுக்குள்ள முழங்காலில இருந்து அங்குலம் அங்குலமா மண்ணைச் சுரண்டுறவை. மிதிவெடியால காலைக் குடுத்தவை எங்கட ஒவ்வொரு ஊரிலயும் இருக்கினம். அந்த வெளியை விளையாட்டு மைதானமாக் காட்டுற படத்தை என்னால வேற இடத்தில வைக்க ஏலாது. அதே பொண்ட் வேசத்தைப் பிறகு போட்ட டானியல் கிரெய்க்கை 2015இல ஐக்கிய நாடுகள் சபை கண்ணிவெடி ஒழிக்கிற வேலைக்கு உலகத் தூதுவரா நியமிச்சது, அதையும் நீங்கள் தெரிஞ்சு வச்சிருக்கோணும்.

தம்பி, பாக்கிற ஒழுங்கு இப்பிடி: முதல் கசினோ றோயல், அது முடிய எழும்பாம அப்பிடியே குவாண்டம் ஒஃப் சோலஸ், ரெண்டும் ஒரே கதை, முதல் படம் முடிஞ்சு கொஞ்ச நேரத்திலயே மற்றது தொடங்குது, பிந்திப் பாத்தா ஆற்ற பேரும் ஞாபகம் இராது. அடுத்த நாள் ஸ்கைஃபோல். பேந்து பின்னால 1963க்குப் போய் ஃபுறம் ரஷ்யா வித் லவ், அதுக்குப் பிறகு லேசன்பி, டால்ரனின்ர ரெண்டு, கோல்டன் ஐ, கோல்ட்ஃபிங்கர். நோ ரைம் ரு டையைக் கடைசிக்கு வையுங்கோ, லேசன்பி படத்தைப் பாக்காம அதைப் போடவேண்டாம், பழைய பாட்டு ஒண்டு அதுக்குள்ள திரும்பி வரும், எங்க இருந்து வந்தது எண்டு தெரிஞ்சாத்தான் அந்த இடம் நெஞ்சில பிடிக்கும். ஸ்பெக்ரரைப் பாக்காட்டி அதில வாற மடலின் எண்ட பொம்பிளை ஆர் எண்டு விளங்காது, அதால அதுக்கு முதல் நாள் அதையும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ, ட்ரில் போடுற காட்சி வரேக்க நான் சொன்னதை யோசியுங்கோ. அடுத்த படத்தை டெனி வில்நெவ் எடுக்கிறார் எண்டு 2025இல அறிவிச்சிருக்கினம், அது வாறதுக்குள்ள இந்தப் பத்துப் பதினொண்டையும் ஆறுதலா முடிச்சிடலாம். லைசென்ஸ் ரு கில் அஞ்சாவதோ மூண்டாவதோ எண்டு பாத்திட்டு எழுதுங்கோ, அண்ணருக்கும் காட்டோணும்.